அவள் அறையின் ஒலி

பிப்ரவரி 20, காலை 7.00

கிடங்குப் பதிவு. எழுதுவது ஞானதுரை, உரிமையாளர். இருப்பது ஒரே ஆள். இதைப் படிக்கிறவர் இடத்தை விலைக்குக் கேட்டு வந்தவர் என்றே வைத்துக்கொள்கிறேன். அதனால் நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

செவ்வாய்க் கிரகத்துக்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு பாறை, அதைக் குடைந்து ஒரு கிடங்கு. கடந்து போகும் கப்பல்களுக்கு ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் விற்கிறேன். எரிபொருள் தொட்டியில் அழுத்தம் ஏற்ற அவர்களுக்கு ஹீலியம் வேண்டும். தூத்துக்குடி மாதா கோயில் திருவிழாவில் பலூனுக்கு வாயு அடித்து ஆரம்பித்த தொழில் இது.

இருப்பு சரி. ஆக்சிஜன் ஆலை சரி. குளிரறை சரி.

இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. என் மகள் ஷெரின் போன வருடம் இங்கே இறந்தாள். அவளுடைய அறையில், கிதாரை மடியில் வைத்தபடியே. இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் வழிப்போக்குக் கப்பலின் மருத்துவர். அவள் பண்ணிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நிற்கிறது. மார்ச் 19 ஞாயிறு முதல் வருட நினைவு ஆராதனை. ஊரில் இருக்கும் என் மனைவி எஸ்தரிடமிருந்து இன்று வந்த செய்தி:

"ஏங்க, பாட்டை முடிச்சு அனுப்புங்க. ஆனா அவ வாசிச்ச மாதிரியே கேக்கணும். வேற யாரோ வாசிச்ச மாதிரி இருந்தா எனக்கு வேண்டாம், சொல்லிட்டேன். நான் அவளை இன்னொரு தடவ கேக்கணும், அவ்வளவுதான். சாப்பிட்டீயளா?"

எனக்கு வாசிக்கத் தெரியும். ஒரு காலத்தில் கோயில் பாடகர் குழுவில் கிதார் நான்தான். ஷெரினுக்கு முதல் கார்டுகளைப் பிடிக்கக் காட்டியதும் நான்தான். அப்புறம் அவள் என்னைத் தாண்டி எங்கேயோ போய்விட்டாள்.

பிப்ரவரி 22, காலை 9.30

அவள் அறையைத் திறந்தேன். எலெக்ட்ரிக் கிதார், ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் சின்னப் பெட்டி, இரண்டு ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், ஒரு மைக். எல்லாம் வேலை செய்கின்றன. ஆனால் கேட்க முடியவில்லை. சூடான தகரத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சீறல்.

சத்தத்தைப் பிடித்து ரெக்ஸ்லினுக்கு அனுப்பினேன். ரெக்ஸ்லின் அவளுடைய இசைக்குழுக்காரன், அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன். என்னை மாமா என்று கூப்பிடுவதை இன்னும் நிறுத்தவில்லை. இங்கிருந்து ஒரு சொல் பூமிக்குப் போக அரை மணி, பதில் வர அரை மணி. பதில்:

"மாமா, வருத்தப்படாதீய, தகர டப்பாக்குள்ள கொசு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு! கிதாரை நேரா சொருகி மானிட்டர்ல கேட்டா அப்படித்தான். கேபினட் சிமுலேஷன்னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, அதை ஆன் பண்ணுங்க."

பட்டனைப் போட்டேன், கொசு போய்விட்டது. விஷயம் இதுதான்: கிதாருக்கென்று இருக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டி கீச்சை எல்லாம் தானே விழுங்கிவிடும். ஸ்டுடியோ மானிட்டர் எதையும் விழுங்காது, நேர்மையான தராசு மாதிரி உள்ளதைக் காட்டிவிடும். பட்டன் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்கிறது.

பிப்ரவரி 26, காலை 8.15

ஹெட்ஃபோனில் சதை இருக்கிறது, மானிட்டரில் எலும்புதான் வருகிறது. நடுவில் உட்கார்ந்தால் தடித்த கம்பிகளின் ஒலியே காணோம். தேடிப் பார்த்தால் தப்பு என்னுடையது. அறுந்திருந்த கேபிளைப் பற்றவைத்தபோது இரண்டு முனையை மாற்றிவிட்டேன். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது, ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. மாற்றிப் பற்றவைத்தேன், சதை வந்துவிட்டது.

மத்தியானம் ஒரு கப்பல் வந்தது. எட்டு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன். பேரம் பேசினார்கள். நான் இறங்கவில்லை.

மார்ச் 2, காலை 10.00

இப்போது இரைச்சல். வாசிக்காமல் கையை எடுத்தாலும் ஒரு 'உம்ம்' நிற்கவே மாட்டேன் என்கிறது. ரெக்ஸ்லின்:

"ரூம்ல காத்துக் குழாய் ஃபேன் ஓடுதா மாமா? அந்த மோட்டாரைக் கிதார் கம்பிக்குக் கீழ இருக்கிற பிக்கப் அப்படியே புடிச்சுக்கும். ஷெரின் ரெக்கார்டிங்னா முதல்ல ஃபேனைத்தான் நிறுத்துவா. கம்ப்ரசர் சத்தம் வரக்கூடாதுன்னு கதவைச் சுத்தி ஃபெல்ட் துணி ஒட்டுனா, அதுவும் இருக்கா? நல்லா மூடுங்க."

ஃபெல்ட் அப்படியே இருக்கிறது. கதவை மூடி ஃபேனை நிறுத்தினேன். ஆக்சிஜன் குறைந்தால் எச்சரிக்கும் உணரி இருப்பது அந்த ஃபேன் குழாய்க்குள். அதன் பச்சை விளக்கு எரிகிறது. அறை அமைதியானது. இவ்வளவு அமைதியை நான் இந்த வருடம் முழுக்கத் தவிர்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

மார்ச் 5, மாலை 4.40

இரைச்சல் இல்லை. எலும்பும் சதையும் சரி. ஆனால் அது ஷெரின் இல்லை.

அவள் பாட்டை ஒரு பக்கமும் என் வாசிப்பை இன்னொரு பக்கமும் போட்டுக் கேட்கிறேன். அதே கிதார், பெட்டிக்குள் அவள் சேமித்து வைத்த அதே அமைப்பு, அதே விரல் இடங்கள். என்னுடையது கனத்துக் கிடக்கிறது. அவளுடையதில் ஒரு மினுக்கம், தரையைத் தொடாமல் நடக்கிற மாதிரி. அவளுடைய பழைய பாட்டுகளில் அது கிடையாது. கடைசி மூன்று பாட்டில்தான் இருக்கிறது. போகப் போகக் கூடுகிறது.

இரண்டு தராசு இரண்டு எடை சொன்னால் வியாபாரி கல்லை மாற்ற மாட்டான். தராசு நிற்கிற தரையைப் பார்ப்பான். ரெக்ஸ்லினிடம் அதைச் சொன்னேன்.

"கரெக்ட்டுத்தான் மாமா! அவ அந்தப் பெட்டி சத்தத்தை மானிட்டர்ல விட்டு, முன்னாடி மைக் வச்சுத் திரும்பப் புடிப்பா. ரூமும் சேந்து விழும்லா. கடைசி பாட்டு கேட்டுட்டு இந்த சவுண்ட் எங்கேர்ந்து புடிச்சன்னு கேட்டேன். 'எனக்கே தெரியலடா, ரூம் எனக்கு செட் ஆயிட்டு'ன்னு சொன்னா. அப்ப ரூம் எப்படி இருந்துச்சோ, ஒண்ணு விடாம அப்படியே வைங்க."

அப்படியே என்றால் சிலிண்டர்களும். அப்போது அவள் அறைச் சுவரை ஒட்டி ஹீலியம் அடுக்கியிருந்தேன். குளிரறையில் பழைய வால்வு விறைத்து வெடிக்கும், அவள் அறைதான் கதகதப்பு. "அப்பா, இது பெட்ரூமா கோடவுனா?" என்று கத்தினாள். அப்புறம், "இருக்கட்டும், எதிரொலி குறையுது" என்று அவளே போர்வையைச் சுற்றி வைத்துக்கொண்டாள். அவள் போன பிறகு அந்த அறையில் எதையும் பார்க்கப் பிடிக்காமல் அத்தனையையும் விற்றுவிட்டேன்.

மார்ச் 9, காலை 7.30

புதுச் சரக்கிலிருந்து ஹீலியம் கொண்டுவந்து அதே சுவரில் அடுக்கினேன். இங்கே எடை ரொம்பக் குறைவு, பூனைக்குட்டியைப் போலத் தூக்கி வைத்துவிடலாம். அதே போர்வைகள். வால்வும் அதே சாதி. புது வால்வு வாங்காமல் பழையதற்கு வாஷர் மாற்றி ஓட்டுவதில்தான் இந்தக் கிடங்கே எழும்பியது. வாங்க வருகிறவருக்கு இதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

மார்ச் 12, மாலை 5.00

வருகிறது.

மானிட்டரில்தான் வருகிறது. காதோடு ஒட்டிய ஹெட்ஃபோனில் பழைய கனம்தான். மைக்கில் விழுந்ததை எடுத்து அவளுடையதோடு ஒப்பிட்டேன், பாதி தூரம் வந்திருக்கிறது. நான் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. கதவு மூடியிருக்க மூடியிருக்க நன்றாக ஆகிறது. நடுவில் சாப்பிடவோ இருப்புப் பார்க்கவோ எழுந்து போனால் மங்கிவிடுகிறது. அவள் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வராமல் உட்கார்ந்திருந்தது ஏன் என்று இப்போது தெரிகிறது. கூப்பிட்டால், "ப்பா, இப்பத்தான் வருது, கலைச்சு விட்டுராதீங்க" என்று எழுதி அனுப்புவாள்.

எஸ்தருக்குக் கொஞ்சம் அனுப்பினேன். பதில் வந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

மார்ச் 16, மாலை 3.20

விடிந்ததிலிருந்து உள்ளே. வெளியே போகவில்லை. கடைசிப் பகுதி முடிந்தது. மைக்கில் பிடித்தேன். அவளுடையதையும் என்னுடையதையும் ஒட்டினேன். ஒட்டு தெரியவில்லை.

அவள்தான். இதில் சந்தேகமே இல்லை, அவளேதான். ரெக்ஸ்லினுக்கும் எஸ்தருக்கும் அனுப்பிவிட்டேன்.

தலை லேசாக இருக்கிறது. நல்ல லேசு. விரல் நுனியில் மினுமினுப்பு. எழுத்து சாய்கிறது. ரொம்ப நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுத நினைத்தேன், எழுதிவிட்டேன். கொஞ்சம் கண்ணை மூடலாம். ஷெரின் பக்கத்தில்தான்

மணி அடிக்கிறது. கப்பல்.

மார்ச் 16, மாலை 6.45

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வந்தது சூசை மரியானின் கப்பல். பழைய வாடிக்கை. கதவைத் திறக்காமல் அங்கிருந்த மைக்கிலேயே "யாரு?" என்றேன். இத்தனை நாளில் அந்த அறைக்குள் நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. அவன் சிரித்தான்.

"என்ன அண்ணாச்சி, சின்னப் புள்ள மாதிரி கீச்சுங்கீய? விக்கிற பலூன் வாயுவை நீரே குடிக்க ஆரம்பிச்சிட்டீரா? யாவாரம் அவ்வளவு மோசமாவா போயிட்டு?"

திருவிழாக் கடையில் ஷெரின் பலூனை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு என் காதருகில் வந்து பேசுவாள். அதே குரல், என் வாயிலிருந்து.

எழுந்தேன். கால் வரவில்லை. தவழ்ந்தேன். கதவில் ஃபெல்ட் பிடித்துக்கொண்டது. தோளால் இடித்தேன். வெளியே விழுந்து, எவ்வளவு நேரம் என்று தெரியாது, மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு முகமூடி போட்டு, சோப்புத் தண்ணீரோடு திரும்பப் போனேன். வால்வுக் கழுத்துகளில் தடவினேன். நுரை கட்டியது. ஒன்றில் மட்டும் இல்லை, வரிசையாக. குளிரில் வால்வு வெடிக்கும் என்று சூட்டுக்குக் கொண்டு வந்தேன். சூட்டில் என் வாஷர் இளகிவிட்டது. ஹீலியத்துக்கு வாசம் கிடையாது, இருமலும் வராது. ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, ஆளுக்குத் தூக்கம் மட்டும் வருகிறது. ஃபேன் நின்றால் உணரி தன் குழாய்க்குள் இருக்கும் பழைய காற்றைத்தான் முகர்கிறது. அதனால்தான் பச்சை.

காற்று மாறினால் ஒலி மாறும். அந்த மினுக்கம் அதுதான்.

போன வருடம் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல் நான் கதவை உடைத்துத் திறந்தேன். உடனே ஃபேனைப் போட்டேன். மருத்துவர் வந்து சேர்ந்தபோது அறையில் நல்ல காற்று. இதயம் என்று எழுதினார். அவர் மேல் தப்பில்லை.

மார்ச் 16, மாலை 7.30

ரெக்ஸ்லின்:

"மாமா! மாமா, அதே சவுண்ட்! எப்படிப் புடிச்சீய? எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துட்டு. அவ மத்த பாட்டு நாலு பாதியில கிடக்கு, அதையும் இதே சவுண்ட்ல முடிச்சிரலாம். செட்டிங்ஸ் அனுப்புங்க, ஒண்ணு விடாம!"

எஸ்தர்:

"கேட்டேன். வந்ததுல இருந்து போட்டுப் போட்டுக் கேக்கேன். என் புள்ள பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரியே இருக்குங்க. உங்களுக்கு நான் என்ன சொல்ல."

மார்ச் 19, மதியம் 12.10

அங்கே ஆராதனை நடக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தச் சொல்லவில்லை. எஸ்தருக்கு இந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்தேன்.

மார்ச் 20, காலை 7.00

இருப்பு: ஹீலியம் முழுவதும் பாறைக்கு வெளியே திறந்துவிடப்பட்டது. விற்பனைக்கு இல்லை. வாங்க வருகிறவருக்கு: மூன்றாம் அறையின், என் மகள் இருந்த அறையின், ஃபேன் பொத்தானை வெட்டி எடுத்துவிட்டேன். அதை நிறுத்த முடியாது. நிறுத்தவும் கூடாது.

லேபிள் மாற்றி ஒரு சிலிண்டர்கூட நான் விற்றதில்லை. இதையும் அப்படி விற்க மாட்டேன். ரெக்ஸ்லின் கேட்ட செட்டிங்ஸ், எஸ்தருக்கும் ஒரு நகல்:

கெயின்: பாதிக்குக் கொஞ்சம் கீழே.
கேபினட் சிமுலேஷன்: ஆன்.
மைக்: இடது மானிட்டருக்கு முன்னால், ஒரு கை தூரம்.
கதவு: மூடியது. ஃபெல்ட் ஒட்டியது ஷெரின்.
ஃபேன்: நிறுத்தியது ஷெரின்.
சுவரை ஒட்டி ஹீலியம்: வைத்தது அவள் அப்பா. வாஷர் மாற்றியதும் அவள் அப்பா. அது கசிந்தது.
இதில் அவள் அப்பா செய்த இரண்டும் இல்லாமல் அந்த ஒலி வராது.

அனுப்பிவிட்டேன். போய்ச் சேர அரை மணி ஆகும். அதுவரை, அங்கே என் மகள் இதயம் நின்றுதான் இறந்தாள்.