தீப்பெட்டி அலமாரி

என்னங்க,

ஆட்டோ வந்துவிட்டது. அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடுங்கள். அவல் போஹா மூடி வைத்திருக்கிறேன். சுகந்தி பக்கத்து வீட்டு மங்கல் தாயியிடம் இருக்கிறாள்.

அவள் ரிப்பன், கிளிப் எல்லாம் கண்ணாடிக்குக் கீழே, நான் ஒட்டிய தீப்பெட்டி அலமாரியில். உங்கள் கிழிந்த காக்கிச் சட்டைப் பொத்தான்தான் கைப்பிடி. திங்கள் முதல் சனி வரை ஆறு பெட்டி. கிழமையை அவளே மராத்தியில் எழுதினாள். சனிக்கிழமைக்கு வெள்ளை ரிப்பன். இறுக்கிப் பின்னினால் அழுவாள்.

நேற்று இதை ஒட்டும்போது, "ஆபரேஷனுக்குப் போறியா, ஒரேடியாப் போறியா?" என்று கத்தினீர்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பெட்டியே செய்யவில்லை, பார்த்தீர்களா? அதற்குள் வந்து நானே பின்னிவிடுவேன் என்றுதான்.

பவுன்

பாலைக் காய்ச்ச மறந்துவிட்டேன்.

இன்னொன்று. கோபப்படாதீர்கள். செய்யவில்லை என்றேனே, மனசு கேட்காமல் விடிகாலையில் எழுந்து ஏழாவது பெட்டியும் ஒட்டிவிட்டேன். பசை இன்னும் காயவில்லை. அதன்மேல் மட்டும் கிழமை எழுத வேண்டாம் என்று சுகந்தியிடம் சொல்லுங்கள்.