காது வைத்துக் கேட்டேன்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மிதிக்கிற தையல் மெஷினுக்கு மோட்டார் போடச் சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன். போன வாரம் விடுதி மாடிப்படியில் லேப்டாப் கைதவறி விழுந்துவிட்டது. நான் விழவில்லை, சும்மா உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அது உடையவில்லை, ஆனால் ஆமை வேகம். ஒரு பாடத்தைத் திறப்பதற்குள் துவைத்த துணி காய்ந்துவிடும். வேண்டாததையெல்லாம் அழித்தேன், அணைத்துப் போட்டேன், மசியவில்லை. கடைசியில், நீ மெஷினில் காது வைத்துக் கேட்பாயே, அப்படி வைத்தேன். உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம்.

ரிப்பேர் கடைக்காரரிடம் சொன்னேன். அவரும் காது வைத்தார்.

"ஹார்டு டிஸ்க்தாம்மா அடிபட்டிருக்கு. காது வெச்சுப் பாக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கம்மா டெய்லர்," என்றேன்.

பாடங்களைப் பத்திரமாக எடுத்துக்கொடுத்து, புது டிஸ்க் போட்டுவிட்டார்.

லேப்டாப்பைப் போட்டு வைக்க, உள்ளே பஞ்சு வைத்து ஒரு உறை தைத்து அனுப்பு. நீளம் பதினைந்து அங்குலம், அகலம் பத்து, தையலுக்குத் தனியாக விட்டுக்கொள். வீட்டு ஆள் துணி என்று வழக்கம்போலக் கடைசியில் தள்ளிவிடாதே.

தைக்கும்போது வீடியோ காலைப் போட்டு வை. தினமும் நீ தைக்க, நான் படிக்க ஓடிக்கொண்டிருந்த அந்த வீடியோ கால், லேப்டாப் மக்கர் செய்ததில் இந்த வாரம் முழுக்க விட்டுவிட்டுத்தான் கேட்டது. எனக்கும் படிப்பு ஓடவில்லை. பேசக்கூட வேண்டாம் அம்மா, நீ மிதித்தால் போதும்.

வகுப்புக்கு மணியாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்