நம்ம ஆள் வந்த மூன்று நாட்கள்

சென்னை
8.2.1984

அன்புள்ள பாஷா,

வீட்டில் எல்லோரும் சுகமா? ஜாஹிதாவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

தலைமை அலுவலகத்தில் உள் ஆலோசனைப் பிரிவு என்று புதிதாக ஒன்று ஆரம்பித்து, என்னை அதில் போட்டிருக்கிறார்கள். பம்பாயிலிருந்து ஆலோசகர்களை அழைத்தால் செலவும் அதிகம், அவர்களுக்கு வேர்க்கடலைதான் மல்லாட்டை என்பதுகூடத் தெரியாது என்பது டைரக்டரின் எண்ணம். அதனால் கம்பெனிக்குள்ளேயே வளர்ந்தவர்கள் ஒவ்வொரு மில்லாகப் போய்ப் பார்த்து, என்ன சரியில்லை என்று எழுதித் தர வேண்டும். அதிகாரம் எதுவும் கிடையாது. பார்ப்பது, எழுதுவது, அவ்வளவுதான்.

எனக்கு முதல் ஊரே செஞ்சி. 20ஆம் தேதி வந்து மூன்று நாள் இருப்பேன். உன் பிரிவில் சொத்தைக் கடலை பொறுக்குகிற பெண்கள் மணிக்கு எவ்வளவு பொறுக்குகிறார்கள் என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவை. ஏழு வருஷம் அங்கே கிளார்க்காக இருந்து, காத்தாயி அக்கா கொண்டுவந்த களியைப் பங்கு போட்டுத் தின்றவன்தானே வருகிறேன்.

உன்,
இராமச்சந்திரன்

*

செஞ்சி
1.3.1984

அருமை இராமச்சந்திரனுக்கு,

அல்லாவின் கிருபையால் நாங்கள் நலம். நீ பஸ் ஏறிப் போனதிலிருந்து மில்லில் உன் பேச்சுதான். பேண்ட் சட்டையும் கழுத்தில் தொங்கிய கடிகாரமுமாக நீ நின்றதைப் பார்த்து, நம் பிரிவுப் பவுனம்மாளுக்குச் சிரிப்பு அடங்க ஒரு நாள் ஆனது.

எங்கள் சாமர்த்தியத்தைக் கவனித்தாயா? நீ வருவதற்கு முந்தின நாளே இருபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு, "நம்ம ஆளு வரான், மெட்ராசுல அவன் தலை நிமிந்து நிக்கணும்" என்றேன். காத்தாயி உடனே, "அந்தப் புள்ள நம்மகூட ஒக்காந்து சாப்ட புள்ள பாய், அதுக்கு ஒரு கொறச்சல் வர வுடுவமா?" என்றது. அந்த மூன்று நாளும் யாரும் வெற்றிலை போடவில்லை, தண்ணி குடிக்க எழுந்திருக்கவில்லை. வழக்கமாக இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு மூட்டை பொறுக்குவார்கள் என்பது உனக்கே தெரியும். நீ இருந்தபோது ஆளுக்கு ஒரு மூட்டை! காத்தாயிக்கு விரல் நகம் பெயர்ந்து, நீ போன பிறகுதான் துணி சுற்றிக்கொண்டது. நம் மேனேஜர் ராஜாராம்கூட மத்தியானக் குறட்டையை மூன்று நாள் தள்ளிவைத்தார் என்றால் பார்த்துக்கொள்.

இன்னொரு விஷயம், உன்னோடு இருக்கட்டும். ஜாஹிதா முழுகாமல் இருக்கிறாள். போன முறை கலைந்துபோனதால் அவள் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நீ வேண்டிக்கொள்.

அன்புடன்,
பாஷா

*

செஞ்சி
24.3.1984

இராமச்சந்திரா,

மில்லிலிருந்து வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்று சாயங்காலம் மேனேஜர் ஒரு பட்டியலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பதினோரு பேர் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாமாம். உள் ஆலோசனைப் பிரிவின் அறிக்கைப்படி, ஆளுக்கு ஒரு மூட்டை முடியும்போது பாதிப் பேர் போதுமாம். கீழே உன் கையெழுத்து. அந்த 'இ'யின் சுழியை எனக்குத் தெரியாதா? திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேறு யாரோ என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

முதல் பெயர் காத்தாயி. அது அழவில்லை. என் முகத்தையே பார்த்து, "இன்னா பாய், நாங்க நல்லாத்தான செஞ்சோம்?" என்று கேட்டது. தளவானூர் பஸ் வரும்வரை மில் வாசலிலேயே நின்றிருந்தது.

ஓடச் சொன்னவன் நான், அளந்தவன் நீ. என் கடிதம் உனக்கு வந்ததா இல்லையா? வந்திருந்தால் எப்படி எழுதினாய்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படியாவது அதை மாற்று. என்ன செய்வாயோ தெரியாது, மாற்று.

பாஷா

*

சென்னை
5.4.1984

அன்புள்ள பாஷா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ மார்ச் முதல் தேதி எழுதிய கடிதம் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. நான் அறிக்கை கொடுத்தது ஒன்பதாம் தேதி. நான்கு நாள் அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

பழைய மில்லுக்குச் சாதகமாக எழுதுகிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். வெளியாள் என்றால் தாராளமாக இரக்கம் காட்டலாம். நான் அங்கிருந்து வந்தவன். அதனால் கடிகாரம் காட்டியதை அப்படியே எழுதினேன். ஆட்களை வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம்தான்.

நேற்று டைரக்டரிடம் என் கணக்கு தவறு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் நம்பவில்லை. கடிகாரத்தைக் கண்டால் உலகமெங்கும் ஆட்கள் கையை மெதுவாக்குவார்களே தவிர வேகமாக்க மாட்டார்கள் என்று சிரித்தார். ஆதாரம் கேட்டார். கொடுத்திருக்கிறேன். பதினோரு பேரையும் திரும்ப எடுப்பார்கள். காத்தாயி அக்காவிடம் சொல்.

உன்,
இராமச்சந்திரன்

*

செஞ்சி
19.4.1984

இராமச்சந்திரன் அவர்களுக்கு,

பதினோரு பேரும் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நீங்கள் செய்த உதவிக்கு அவர்கள் சார்பில் நன்றி.

அன்றே மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் என் கடிதம் இருந்தது. என் கையெழுத்து, என் நீல மசி, மேலே கம்பெனி முத்திரை, "இணைப்பு 1" என்று எண். பெண்களை வேகமாக வேலை செய்யச் சொன்ன வரிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு. கம்பெனியின் ஆய்வை வேண்டுமென்றே கெடுத்ததற்காக என்னை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். பதினான்கு வருஷம்.

அது பரவாயில்லை. மாற்று என்று கேட்டவன் நான்தான், அதற்கு என் வேலைதான் விலை என்றால் கொடுத்திருப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் முழுக் கடிதத்தையும் கொடுத்திருக்கிறீர்கள். மேனேஜர் தன் குறட்டையைப் படித்து முடித்து, பக்கத்தைத் திருப்பி, "ஜாஹிதாவுக்கு வாழ்த்துகள்" என்றார். நாங்கள் இன்னும் அவள் அம்மாவுக்கே சொல்லவில்லை.

ஜாஹிதாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் மில்லுக்குப் போவதுபோல் கிளம்பிக் கோட்டைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நேற்று சொல்லிவிட்டேன். அவள் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவருக்கு இன்னும் என்னென்ன எழுதியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தக் கடிதத்தை நான்கு தரம் கிழித்து எழுதினேன். ஒவ்வொரு வரியிலும், இதை யார் யார் படிப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
எஸ். கௌஸ் பாஷா
(முன்னாள் மேஸ்திரி, பொறுக்கும் பிரிவு)