உள்ளே போடும் தாழ்ப்பாள்

இன்று மத்தியானம் பக்கத்து அறையில் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. போன வாரம் குடிவந்த தம்பதி. இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீங்களும் நானும் தனித்தனியாக இந்த முதியோர் குடியிருப்புக்கு வந்தபோது எந்த அறைக்கும் உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. நான் தையல் மெஷினை விட்டுவிட்டு வந்த விதவை. நீங்கள் பஸ் ஓட்டி ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு நாற்காலி பிடித்து வைப்பதில் தொடங்கினீர்கள். அது கையைப் பிடிப்பதில் வந்து நின்றது. அதற்கு மேல் போக எனக்கு ஆசையும் இருந்தது, வலிக்குமே என்ற பயமும் இருந்தது.

"டாக்டராண்ட கேப்போம் டைலரம்மா, இதுல இன்னா வெக்கம்?" என்று கூட்டிப் போனீர்கள்.

டாக்டரம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?"

"இந்த வயசுலதாம்மா டைம் இருக்குது."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பொறுமையாகப் பேசினார். வறட்சிக்குக் களிம்பு எழுதினார். தொற்று வயசு பார்த்து வராது என்று சொல்லி, இருவருக்கும் ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

அடுத்த மாதமே மாட்டிக்கொண்டோம். டீ கொண்டுவந்த பெண் தட்டாமல் கதவைத் திறந்தாள். நாம் கட்டிக்கொண்டு படுத்திருந்தோம். சாயங்காலத்துக்குள் கூடமே சிரித்தது. மேனேஜர் என் மகனுக்குப் போன் போட்டுவிட்டார். மறுநாள் வந்து நின்றான். "மானம் போவுதும்மா. துணிய எடுத்து வை, கெளம்பு."

கிளம்பியிருந்தால் உங்களை அதோடு இழந்திருப்பேன். நீங்கள் அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. என்னைப் பார்த்து, "நீயே சொல்லு டைலரம்மா" என்றீர்கள், அவ்வளவுதான்.

"உங்க நைனா செத்தாரு, நான் சாவலடா. தட்டாம தொறந்தவங்க வெக்கப்படட்டும். எனக்கு இந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும்."

என் குரலா என்று எனக்கே ஆச்சரியம். மகன் தனியாகவே கிளம்பிவிட்டான். மேனேஜர்தான் விடவில்லை. "உள்ள வுழுந்துட்டா யாரு தொறக்கறது?"

நீங்கள் கடைத்தெருவுக்குப் போய், வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கிற மாதிரி ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தீர்கள். சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலில் தெரிந்த ராஜகிரி மலைக் கோட்டையைக் காட்டினீர்கள். "ராஜாவுக்கு எத்தினி வாசல், எத்தினி கதவு! நமக்கு ஒரு தாழ்ப்பா கூடாதா சார்?"

மேனேஜர் தாழ்ப்பாளை வாங்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர் அறை அம்மா எழுந்தார். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனவர். கணவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "எங்க ரூமுக்கும் ஒண்ணு போடுங்க" என்றார். அதற்குப் பிறகு கூடத்தில் எத்தனை கை உயர்ந்தது! நாம் ஜெயித்துவிட்டோம்.

அந்தக் கதவுக்குள் நாம் நன்றாக வாழ்ந்தோம். நீங்கள் போய் இது இரண்டாவது பொங்கல். படுக்கையில் உங்கள் பக்கம் காலியாக இருப்பது இன்னும் வலிக்கிறது. ஆனாலும் தாழ்ப்பாளைப் போடுகிறேன். டீ கொண்டுவரும் அதே பெண் இப்போது தட்டுகிறாள்.

"வரலாமாம்மா?"

"இரு" என்கிறேன். தலையை வாரி, பூ வைத்து, உங்களைக் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டுதான் திறக்கிறேன். அதுவரை காத்திருக்கிறாள்.