ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல்

ஏப்ரல் 3
ஊர் எல்லையில் வேகக் கேமரா வைத்து இன்றோடு ஒரு வருடம். யோசனை என்னுடையது. ஊர்மன்றத்தில் ஐந்து பேர் கை தூக்கினார்கள் என்பார்கள். முதலில் தூக்கிய கை யாருடையது? அந்த அபராதக் காசில்தான் எங்களுக்கென்று ஓர் ஆம்புலன்ஸ் ஓடுகிறது. நெஞ்சுவலியோடு என் மனைவி வெர்னா இரண்டு தடவை அதில் போய்ப் பிழைத்து வந்தாள். இப்போது மாநில அரசுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கேமராவும் காசும் தங்களுக்கு வேண்டுமாம். சாலைப் பாதுகாப்புக்காம்! யாருக்குக் காது குத்துகிறார்கள்?

ஏப்ரல் 9
சோளக் கிடங்குப் பக்கம் ஒரு சாம்பல் நிறக் கார். எதிரே போகையில், வணக்கமாக, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினேன். எங்கள் ஐயோவா மாநிலத்தில் நாய்கூடப் பதிலுக்கு வாலாட்டும். அவன் தூக்கவில்லை. யார் இவன்?

ஏப்ரல் 10
அவனை நாற்பது மைல் துரத்தினேன். சரி, நான்கு. என் தங்கை மகள் ஜோலீன்தான் அபராதச் சீட்டு அனுப்புகிறவள். அவளை எச்சரித்தேன்.
"மாமா, போன மாசம் தபால்காரரையே ஒற்றன்னீங்க."
"அவன் நடையே சரியில்லையே!"
"அவருக்கு முட்டிவலி, மாமா."

ஏப்ரல் 16
இன்று அந்தக் கார்க்காரன் விரல் தூக்கினான்! பாவம், வீணாகச் சந்தேகப்பட்டேனே. காபிக் கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெயர் கோர்டன்.
"உங்க ஊர் ஆளுங்க மட்டும் அபராதமே கட்றதில்லையாமே, எப்படிண்ணே?"
"கேமராவைப் பார்த்து விரலைத் தூக்குவோம், தம்பி. படத்துல விரல் தெரிஞ்சா நம்மாளு. சீட்டைக் கிழிச்சிடுவாங்க. நான் கண்டுபிடிச்சதாக்கும்!"
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். என் பேச்சை இதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை.

ஏப்ரல் 17
எதுக்குடா எழுதினான்?

மே 22
மாநிலத் தணிக்கை அறிக்கை. உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை காட்டியதால் கேமரா இனி மாநிலத்துக்கு, அபராதமும் அங்கேதான். விரலைப் பற்றியே ஒரு பக்கம். அடியில் கோர்டனின் கையெழுத்து. ஜோலீனின் வேலை போய்விட்டது.
"யார் சொல்லியிருப்பாங்க, மாமா?" என்றாள்.
தபால்காரனாக இருக்கும் என்றேன்.

ஜூலை 1
ஆம்புலன்ஸை விற்றுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 14
தலைநகரிலிருந்து எனக்கு அபராதச் சீட்டு. போன செவ்வாய்க்கிழமை வெர்னாவுக்கு நெஞ்சை அடைத்தபோது நானே காரில் கொண்டுபோனேன். மணிக்கு எண்பத்தொரு மைல். இதில் நான் எதையும் கூட்டவில்லை, அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். வெர்னா பிழைத்துக்கொண்டாள் — பத்து நிமிடம் தாமதமாகியிருந்தால் இல்லை என்றார் டாக்டர்.

படத்தில் அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறாள். பக்கத்தில் நான், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கியபடி.

சாயங்காலம் ஜோலீன் வீட்டுக்குப் போனேன். விரல் விஷயத்தைச் சொன்னது தபால்காரர் இல்லை என்று சொன்னேன்.