கல்யாணப் பந்தலுக்கு மேல்மாடி

அனுப்புநர்:
ஆ. பழனியப்பன்,
சரக்குக் கொட்டகைத் தராசுக்காரன்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
கனம் பொருந்திய கட்டட அனுமதி அதிகாரி துரையவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: என் மகளின் கல்யாணப் பந்தலுக்கு மாடி இல்லையென்று ஒட்டப்பட்ட நோட்டீசை நிறுத்திவைக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவில் இனி வீடுகளைச் சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டலாம், புதிதாக எழுப்புவது எதுவும் இரண்டு தளத்துக்குக் குறையக் கூடாது என்று தாங்கள் சட்டம் போட்டபோது, வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் முதலில் கைதட்டியவன் நான். மேலே வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே சாய்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். சாய்வு நாற்காலி வாங்கியாயிற்று. மாடிக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.

2. பக்கத்து மனைக்காரர் ஸ்ரீ கனகசபை கெட்டிக்காரர். எல்லையிலேயே சுவர் எழுப்பி மூன்று தளம் கட்டிவிட்டார். அவருடைய மாடித் தாழ்வாரம் என் மனைக்குள் இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே குடியிருக்கும் ரயில்வே இளைஞர்களுக்கு எங்கள் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பது எனக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

3. என் மகள் சீதாலெட்சுமிக்கும் கிள்ளான் சபாபதி அவர்களின் மகனுக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். முகூர்த்தக்கால் நட்டு, இடம் போதாமல் கனகசபை சுவரை ஒட்டிப் பந்தல் போட்டோம். தங்கள் மேற்பார்வையாளர் திரு. சிவகுருநாதன் வந்து பார்த்தார். தூண் இருக்கிறது, கூரை இருக்கிறது, அடுத்த சுவரைத் தொடுகிறது, ஆகவே இது புதுக் கட்டடம் என்றார். ஐயா, இது கல்யாணப் பந்தல் என்றேன். "கலியாணம் எண்டு சட்டத்திலை ஒண்டும் இல்லை. மாடி இருக்கோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ" என்றார். மாடி கட்டு, இல்லையேல் பந்தலைப் பிரி என்று ஒரு நோட்டீசை முகூர்த்தக்காலிலேயே ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை பூசையில் என் மனைவி வீரம்மா நோட்டீசுக்கும் சேர்த்தே மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். இனி கல்யாணம் முடியும்வரை அதைக் கழற்ற முடியாது. ஆகையால் இத்துடன் இணைக்கவில்லை.

4. சட்டத்துக்குப் பணிந்து மூங்கிலில் ஒரு மாடியும் கட்டிப் பார்த்தேன். ஏறிச் சோதித்தவனும் நானே. ஏறிய நேரத்தைவிட இறங்கிய நேரம் குறைவு. விருந்துக்கு வாங்கிய பூசணிக்காய்கள்மேல் விழுந்ததால் பூசணிக்காய்களுக்கு மட்டுமே சேதம். என் உடம்பைத் தாங்கள் நேரில் பார்த்தால் மூங்கிலைக் குறை சொல்ல மாட்டீர்கள்.

5. இந்தச் செய்தி கிள்ளான் போய்ச் சேர்ந்தது. சம்பந்தி நேரில் வந்து, "பந்தலுக்கு மாடியெல்லாம் கட்டுறீங்களாமே! கிள்ளான்ல எவனும் இப்படிப் பார்த்ததில்ல சம்பந்தி. எங்க ஆளுங்கள மேலதானே உக்கார வைப்பீங்க?" என்று கேட்டார். ஆமென்று தலையாட்டிவிட்டேன். இப்போது பந்தலைப் பிரித்தால் முகூர்த்தக்காலைப் பிடுங்கிய வீடு என்று சம்பந்தம் நின்றுபோகும். மாடி இல்லையென்றால் ஏமாற்றிவிட்டேன் என்று நின்றுபோகும். நான் சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர, என் மகள் சரியாகச் சாப்பிட்டு இரண்டு நாளாகிறது.

6. ஆகவே, என் மனைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கனகசபையின் தாழ்வாரத்தையே, கல்யாணம் முடியும்வரை என் பந்தலின் மேல்மாடியாகத் தாங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த இரண்டு முழத்தைப் பற்றி நான் கொடுக்க இருந்த புகாரைக் கொடுக்காமலே வாபஸ் வாங்குகிறேன். கனகசபை சம்மதித்துவிட்டார். மேலே இருக்கும் இளைஞர்களும், தமக்கும் இலை போடுவதானால் சம்மதம் என்கிறார்கள். சம்பந்தியும் முக்கியமான நாலு பேரும் அங்கே நெருங்கி உட்காரலாம். மக்கள் நெருங்கி இருப்பதுதானே தங்கள் சட்டத்தின் நோக்கமும்.

தாலி ஏறிய மறுநாளே பந்தலை என் கையால் பிரித்து, குங்குமத்தோடு நோட்டீசையும் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். கல்யாணத்துக்குத் தாங்கள் அவசியம் வர வேண்டும். மேல்தளம் நிறைந்துவிட்டபடியால், கீழ்த்தளத்தில் என் சாய்வு நாற்காலியைத் தங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன்.

இடம்: பிரிக்பீல்ட்ஸ்
தேதி: 16-1-1933

பெண்ணைப் பெற்றவன்,
ஆ. பழனியப்பன்
(கையொப்பம்)