முன்னறிவிப்பில்லாமல் ஒரு சோதனை வேண்டும்

அனுப்புநர்:
சு. முத்துக்கனி,
உப்பளத் தொழிலாளி,
கீழத் தெரு, முத்தையாபுரம், தூத்துக்குடி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், தூத்துக்குடி.

பொருள்: சிறுநீரக நோய்க்குப் புது மருந்து காணும் ஆய்வுக்கு நிதி மறுக்கப்பட்டது – உப்பளத்திலேயே மறுபரிசோதனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. என் தங்கை இந்துமதி என்னோடு உப்பு வாரியவள். வயது முப்பத்தாறு. இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் கெட்டுவிட்டதாக அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை, காரணம் தெரியவில்லை என்றார்கள். இப்போதுள்ள மருந்து எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

2. சென்ற ஆண்டு சித்திரையில் மருத்துவ ஆய்வுக் குழு ஒன்று வந்தது. உப்பளத்தில் இந்நோய் பரவலாக இருப்பது தெரிந்தால், புது மருந்து ஒன்றை ஆராய நிதி கேட்போம் என்றார்கள். ரத்தமும் சிறுநீரும் எடுப்பதற்காக எங்களுக்கு இரண்டு நாள் விடுப்பும் வாங்கித் தந்தார்கள். தப்பு அங்கேதான் நடந்தது.

3. எங்கள் அளத்தில் கழிப்பறை கிடையாது. ஆகவே வேலை நாளில் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது? சோதனைக்கு முதல் நாள் எங்கள் குழுத் தலைவி சங்கரம்மாள் வீடு வீடாக வந்து, “ஏளா, டாக்டருமாரு வாராவ. மஞ்சளா குடுத்து மானத்த வாங்கிராத. நல்லா தண்ணி குடிச்சிட்டு வா” என்று சொல்லிப் போனார். வீட்டுக்கு விருந்தாளி வருவதுபோல் நாங்களும் தயாரானோம். இளநீர், மோர், நீராகாரம், ஒன்றும் பாக்கியில்லை. சங்கரம்மாளைக் குறை சொல்ல மாட்டேன். நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

4. முடிவு நன்றாக வந்துவிட்டது. நோய் கண்டவர்கள் மிகச் சிலரே என்று, நிதி தருகிறவர்கள் மறுத்துவிட்டார்கள். வேலையில் இருப்பவர்களை மட்டும் சோதித்ததால், வீட்டில் கிடக்கும் இந்துமதி போன்றவர்கள் கணக்கிலேயே வரவில்லை. நடந்ததை ஆய்வுக் குழு மருத்துவரிடம் சொன்னேன். அவ்வளவு தண்ணீரும் ஓய்வும் சேர்ந்து நோயை மறைத்திருக்கும் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி சோதித்துக் காட்டினால் நிதி கேட்கலாம், அதற்குத் தங்கள் பரிந்துரை வேண்டும் என்றார்.

5. கழிப்பறை வேண்டி நாங்கள் கொடுத்த மனு வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்து முடித்துவிட வேண்டாம். புது மருந்து இந்துமதியைக் காப்பாற்றுமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் தேடாமலே விட்டுவிட்டார்களே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் மகள் இப்போது அம்மா இடத்தில் உப்பு வார வருகிறேன் என்கிறாள்.

6. ஆகவே ஐயா அவர்கள் மறுபரிசோதனைக்கு ஆவன செய்ய வேண்டும். வீட்டிலிருக்கும் நோயாளிகளையும் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு வேலை நாளில், உச்சி வெயிலில், உப்புப் பாத்தி ஓரத்திலேயே ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொல்லுங்கள். எந்த நாள் என்று எங்களுக்குத் தெரிவிக்க வேண்டாம். மனு கொடுத்த எனக்கும் வேண்டாம். தெரிந்தால் மறுபடியும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நிற்போம்.

இடம்: தூத்துக்குடி
நாள்: 09.06.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) சு. முத்துக்கனி